அப்பாவின் பைபாஸுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

அப்பா இப்போது மாடிப்படி ஏறுகிறார், நடுவில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல். இதற்குக் காரணமானவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நேரில் சொல்ல முடிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி இதய மருத்துவருக்கு. ஆஞ்சியோகிராமில் மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு என்று தெரிந்தபோது எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உடனே எதையாவது செய்துவிடுங்கள் டாக்டர்" என்றேன். நீங்கள் ஒரு தாளை எடுத்து இதயத்தை வரைந்து, அடைப்புள்ள இடங்களைப் பேனாவால் அழுத்திக் காட்டினீர்கள். "மாரடைப்பு என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க மாட்டேன். அப்பாவுக்கு நடந்தால் நெஞ்சுவலி வருகிறது, நின்றால் அடங்கிவிடுகிறது. யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது" என்றீர்கள். அப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்தது.

மாத்திரையும் முழுமையான சிகிச்சைதான் என்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டோம். ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், இதயத்துடிப்பைத் தணிக்கும் மாத்திரை, வலி வந்தால் நாக்கின் அடியில் வைப்பது என்று ஒவ்வொன்றும் எதற்கு என்று சொன்னீர்கள். 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2020-இல் வெளியான இஸ்கிமியா ஆய்வையும் சொன்னீர்கள்: அப்பாவைப் போல நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சுவலி உள்ள பலருக்கு, முதலிலேயே ஸ்டென்ட்டோ (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) பைபாஸோ (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி அமைக்கும் அறுவை) செய்தாலும் மரணம் குறைவதில்லை, வலி குறைவதுதான் பெரிய பலன். அதனால் முதலில் மாத்திரையைத்தான் முழு அளவில் கொடுத்துப் பார்த்தீர்கள்.

அப்படியும் வலி விடவில்லை. உறவினர் ஒருவர், காலில் பட்டை கட்டிக் காற்றழுத்தம் கொடுக்கும் சிகிச்சை போதாதா என்று கேட்டார். முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்கள். அது சிலருக்கு வலியைக் குறைக்கும், அடைப்பை எடுக்காது. ஸ்டென்ட்டோ அறுவையோ முடியாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் அதை யோசிப்பார்கள். அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய், மூன்று குழாயிலும் அடைப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸில் மாரடைப்பும் மரணமும் குறைவு என்று 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியதைச் சொன்ன நீங்கள், அதே ஆய்வில் பக்கவாதம் பைபாஸில் சற்று அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அப்பா, "சரி, பைபாஸே செய்துகொள்கிறேன்" என்றார். அவர் வாயாலேயே அது வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அறுவை செய்த டாக்டர் ஐயாவுக்கு: மார்புச் சுவரின் உள்பக்கம் ஓடும் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயோடும், காலிலிருந்து எடுத்த சிரையை மற்ற இரண்டோடும் இணைத்தீர்கள். மார்புத் தமனி 10 ஆண்டு கழித்தும் பெரும்பாலானவர்களுக்கு அடைக்காமல் இருக்கும், கால் சிரை அந்த அளவுக்குத் தாங்காது, அதனால் மாத்திரையை விடவே கூடாது என்று நீங்கள் சொன்னதை அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

ஐசியூ நர்ஸ் அக்காவை எப்படி மறப்பது! இருமினால் மார்பெலும்பு பிளந்துவிடுமோ என்று அப்பா சளியை அடக்கிக்கொண்டே இருந்தார். ஒரு தலையணையைச் சுருட்டி அவர் மார்போடு அணைத்துக் கொடுத்து, "இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க அப்பா, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றீர்கள். மூச்சை இழுத்து மூன்று பந்துகளை எழுப்பும் பயிற்சிக் கருவியில் முதல் பந்து மட்டும் பாதி எழும்பி விழுந்த நாளில்கூட, மூன்றும் ஏறிவிட்டது போலக் கைதட்டினீர்கள். பெற்ற மகள் நான் வெளியே நின்றிருந்தேன். என் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் ரத்தம் வீண்போகவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையில் என் பொறுப்பைக் கேட்காமலே ஏற்றுக்கொண்ட தோழிக்கும், மாத்திரை அட்டைகளில் 'காலை', 'இரவு' என்று பெரிதாக எழுதித் தந்த மருந்துக்கடைத் தம்பிக்கும், இப்போது அப்பாவின் நாடியைப் பார்த்துப் பார்த்து நடையைக் கூட்டிவரும் பிசியோதெரபிஸ்டுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
அவருடைய மகள்