டிஸ்க்கில் கோளாறு இல்லை: இந்தியானா ஜோன்ஸ் அலமாரி பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரே படத்தின் டிஸ்க்கை நான்கு பேர் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார்கள். 1939-ல் வந்த 'ஸோரோஸ் ஃபைட்டிங் லீஜியன்', ஸோரோ என்ற முகமூடி வீரனின் கதை. நால்வரும் சொன்ன குறை ஒன்றுதான்: "காட்டினதையே திருப்பித் திருப்பிக் காட்டுது, டிஸ்க் போச்சு." அவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எந்தெந்த இடத்தில் காட்சி திரும்ப வருகிறது என்று நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் எழுதி உறைக்குள் மடித்து வைத்திருந்தார். உட்கார்ந்து சரிபார்த்தோம். அவர் கணக்கு சரி. டிஸ்க்கும் சரி. தப்பு எங்கள் மேல்தான். அது என்ன மாதிரிப் படம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டோம். அதற்குத்தான் இந்த மடல்.

அது ஒரே மூச்சில் பார்க்க எடுத்த படம் இல்லை. 12 அத்தியாயங்கள். டிவி வருவதற்கு முன்னால் அமெரிக்கத் தியேட்டர்களில் சனிக்கிழமை பகல் காட்சிக்குப் பையன்களை இழுக்க இப்படித் தொடர்படங்கள் ஓட்டினார்கள். மெயின் படத்தோடு வாரத்துக்கு ஒரு அத்தியாயம். முதல் அத்தியாயம் கொஞ்சம் நீளமாக இருக்கும், மற்றவை கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். கதாநாயகன் சாகப்போகிற நொடியில் திரை இருட்டாகிவிடும். மிச்சம் அடுத்த சனிக்கிழமை. அந்த ஒரு வாரத்தில் பையன் மறந்திருப்பான், அல்லது போன வாரம் வராத புதுப் பையன் வந்திருப்பான். அதனால் போன வாரக் கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். நேற்றைய கடைசி அழுகையை இன்றைக்கு முதலில் போடுகிற நம் வீட்டு சீரியல் செய்வதும் இதே வேலைதான்.

ஆனால் அந்த மறு ஒளிபரப்பை உற்றுப் பாருங்கள், வேடிக்கை அங்கேதான். முதல் வாரம் வண்டி மலை விளிம்பைத் தாண்டிக் கீழே போகும், உள்ளே நாயகன். அடுத்த வாரம் அதே வண்டி, அதே மலை. நடுவில் மட்டும் போன வாரம் இல்லாத ஒரு ஷாட் முளைத்திருக்கும்: வண்டி விழுவதற்கு முன்பே நாயகன் குதித்து உருண்டுவிடுகிறான். சுத்த ஏமாற்று வேலை. இதைக் கண்டுபிடித்துக் கத்துவதும் டிக்கெட்டோடு சேர்ந்த சுகம்தான் போல. ஆசிரியர் ஐயா எழுதிய தாளில் ஒரு இடத்தில் "இரண்டாம் முறை வேறு மாதிரி இருக்கிறது" என்று குறித்திருந்தார். பிடித்துவிட்டார்.

சரி, இந்தப் பழைய கறுப்பு வெள்ளைச் சரக்கை எதற்கு இந்தியானா ஜோன்ஸ் பக்கத்தில் அடுக்கினீர்கள் என்று கேட்கலாம்.

1977 மே மாதம். 'ஸ்டார் வார்ஸ்' வெளியாகும் நேரம். படம் ஓடுமா ஓடாதா என்ற படபடப்பிலிருந்து தப்பிக்க ஜார்ஜ் லூகாஸ் ஹவாய்க்குப் போய்விட்டார். அங்கே ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் வந்து சேர்ந்தார். தனக்கு ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் எடுக்க ஆசை என்றார் ஸ்பீல்பெர்க். அதைவிட நல்லது என்னிடம் இருக்கிறது என்று லூகாஸ் எடுத்துவிட்டதுதான் சாட்டையும் தொப்பியுமாய்ப் புதையல் தேடும் தொல்லியல் பேராசிரியர் கதை. இருவரும் சின்ன வயதில் அந்தத் தொடர்படங்களைப் பார்த்துக் கிறங்கியவர்கள். லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' எடுக்கக் காரணமே, 1936-ல் தொடர்படமாக வந்த 'ஃபிளாஷ் கார்டன்' கதைக்கு உரிமை கேட்டுக் கிடைக்காமல் போனதுதான். விண்வெளித் தொடருக்கு ஒரு வணக்கம் வைத்தாயிற்று, அடுத்து மண்ணில் நடக்கிற தொடருக்கு ஒன்று. பெயர் முதலில் இந்தியானா ஸ்மித். இந்தியானா என்பது லூகாஸ் வளர்த்த நாயின் பெயர். ஸ்மித் ஸ்பீல்பெர்க்குக்குப் பிடிக்கவில்லை, ஜோன்ஸ் ஆனது. நாய் விஷயத்தை 1989-ல் வந்த மூன்றாம் படத்தில் அவர்களே கிண்டலடித்துவிட்டார்கள்.

1981-ல் 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' வந்தது. அதில் லாரித் துரத்தலை மறந்திருக்க மாட்டீர்கள். ஓடுகிற லாரியின் முகப்பில் தொங்கும் ஜோன்ஸ், பிடி நழுவி அடியில் போய், சக்கரங்களுக்கு நடுவே மல்லாந்தபடி நகர்ந்து பின்பக்கம் வருவார். சாட்டையைப் பிடித்துக்கொண்டு புழுதியில் இழுபட்டு, மறுபடி ஏறி டிரைவரைப் பிடிப்பார். இப்போது ஸோரோ டிஸ்க்கைப் போடுங்கள். லாரி இருந்த இடத்தில் குதிரை வண்டி, மற்றபடி அதே சமாச்சாரம். ஓடும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து, வண்டி தலைக்கு மேலே கடந்து போக, பின்னால் தொற்றி ஏறி வருகிறான் முகமூடிக்காரன். அங்கே டூப் போட்டவர் யாகிமா கனூட். அதே 1939-ல் 'ஸ்டேஜ்கோச்' படத்திலும் குதிரைகளுக்கு அடியில் விழுந்தவர். ஸ்டண்ட்காரர்கள் எல்லோரும் குருவாக நினைக்கிற ஆள். பிற்காலத்தில் கௌரவ ஆஸ்கரும் வாங்கினார்.

ரெய்டர்ஸில் லாரிக்கு அடியில் போனவர் டெரி லியனார்ட். கொஞ்ச நாள் முன்னால் வேறொரு படத்தில் இதே வித்தையைக் குதிரை வண்டியில் செய்யப்போய் அடிபட்டவர். மறுபடி செய்கிறேன் என்று வந்தாரே, அதைச் சொல்லுங்கள். இந்த முறை லாரியைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டினார்கள். சாலை நடுவே நீளமாகப் பள்ளம் தோண்டி, உடம்பு அடங்க இடம் செய்தார்கள். லாரி நிதானமாகத்தான் ஓடியது. கேமராவையும் மெதுவாக ஓட்டியதால் திரையில் பறக்கிற மாதிரி தெரிகிறது. அடுத்த முறை பார்க்கும்போது பாஸ் பண்ணிச் சாலையைக் கவனியுங்கள், பள்ளத்தின் விளிம்பு கண்ணில் படலாம். கடையில் நாங்கள் இதற்காகவே மூன்று முறை ஓட்டினோம். வேலை நடந்ததா என்று கேட்காதீர்கள்.

ஸோரோவைப் பார்க்கும்போது சரித்திரத்தை மட்டும் தேடாதீர்கள். கதை 1824-ல் நடக்கிறது. அதில் பெனிட்டோ ஹுவாரஸ் மெக்சிகோவின் தலைவராக உலாவுகிறார். அந்த வருடம் அவருக்கு வயது 18. வில்லன் தங்கக் கவசம் பூண்டு தெய்வமாக வேடம் போடுகிறவன். யாரும் எதையும் சரிபார்த்த மாதிரி தெரியவில்லை, பையன்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஜோன்ஸின் உடை. அலமாரியில் இரண்டாவதாக இருக்கும் 'சீக்ரெட் ஆஃப் தி இன்காஸ்', 1954. பாரமவுண்ட் தயாரித்த கலர் படம். பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட், விளிம்பு மடிந்த தொப்பி, இரண்டு நாள் தாடியோடு சார்ல்டன் ஹெஸ்டன் வருவார். எங்கள் கடையில் வேலை செய்யும் பையன் உறையைப் பார்த்ததுமே "யாருண்ணே இது, டூப்ளிகேட்டா?" என்றான். மூத்தவர் இவர்தான் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. ரெய்டர்ஸுக்கு உடை வடிவமைத்த டெபோரா நடூல்மன், இந்தப் படத்தைக் குழுவாக உட்கார்ந்து பல முறை பார்த்தோம் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். படத்தில் பாதி அழகு இடத்தால் வருவது: பெருவில் குஸ்கோவிலும் மச்சு பிச்சுவிலும் போய் எடுத்திருக்கிறார்கள். பெருவின் பாடகி யீமா சூமாக் பாடுவது இன்னொரு காரணம். அடிவயிற்றில் தொடங்கிப் பறவைக் குரல் வரை ஏறுகிற குரல் அது.

கல்லறைக்குள் ஒளிக்கற்றையைப் பிரதிபலிக்கவிட்டுப் புதையல் இடத்தைக் கண்டுபிடிக்கிற காட்சி வரும். ரெய்டர்ஸில் வரைபட அறைக்குள் சூரிய ஒளி வந்து விழுவது உடனே ஞாபகத்துக்கு வரும். ஆனால் நான் இந்தப் படத்தில் ரசிப்பது வேறு. ஹெஸ்டன் இதில் ஆராய்ச்சியாளர் இல்லை, சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி. பேராசை பிடித்த திருட்டுப் பயல் என்றே சொல்லலாம். தொல்லியல்காரராக வருவது ராபர்ட் யங், ஒழுங்கானவர், சுவாரசியம் இல்லாதவர். இருவரையும் ஒரே ஆளாக்கி, திருடனின் ஜாக்கெட்டைப் பேராசிரியருக்கு மாட்டிவிட்டால் ஜோன்ஸ் வந்துவிடுகிறார். பகலில் கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்பு எடுப்பதும், ராத்திரி சிலையைத் தூக்குவதும் ஒரே ஆள் என்பது அப்படித்தான் ஒட்டியது என்பது என் கணக்கு. சில காலம் கழித்து 'பென்-ஹர்' ரதப் பந்தயத்துக்காக இதே ஹெஸ்டனுக்குக் குதிரை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன கனூட்.

'சைனா' (1943) படத்தில் ஆலன் லாட் தோல் ஜாக்கெட்டும் தொப்பியுமாக வருகிறார், பாத்திரத்தின் பெயரே ஜோன்ஸ். 'ட்ரெஷர் ஆஃப் த சியரா மாட்ரே' (1948) ஹம்ப்ரி போகார்ட்டின் அழுக்குத் தொப்பிக்காகவும், தங்கம் மனிதனை என்ன செய்கிறது என்பதற்காகவும் பார்க்கலாம். ஜோன்ஸை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இந்த அலமாரியிலேயே சிறந்த படம் அதுதான். பிரான்சில் 1964-ல் பெல்மாண்டோ நடித்து வந்த 'தட் மேன் ஃப்ரம் ரியோ'வும் இருக்கிறது. மியூசியத்திலிருந்து திருட்டுப்போகும் சிலை, ஓட்டம், துரத்தல், கடைசியில் ஒளி வைத்துப் புதையல். சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டிய படம். ரெய்டர்ஸில் ஜோன்ஸைத் துரத்தி உருண்டு வரும் பாறாங்கல் மட்டும் சினிமாவிலிருந்து வந்ததில்லை. 1954-ல் கார்ல் பார்க்ஸ் வரைந்த அங்கிள் ஸ்க்ரூஜ் வாத்துக் காமிக்ஸில் சிலையை எடுத்ததும் பாறை உருளும். காமிக்ஸ் நம் கடையில் இல்லை, கேட்காதீர்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான படத்துக்கு வருகிறேன். 'கங்கா தின்', 1939, கேரி கிராண்ட் நடித்தது. சாகசப் படமாக அது வேகமும் சிரிப்பும் நிறைந்தது. யானை கயிற்றுப் பாலத்தில் ஏறிப் பாலம் ஆடுகிற இடத்தில் எந்தக் குழந்தையும் வாய்விட்டுச் சிரிக்கும். ஆனால் அது காட்டும் இந்தியா கலிபோர்னியாவின் லோன் பைன் மலைகளில் போட்ட செட். காளி கோயில், வழிப்போக்கர்களைக் கொல்லும் தக்கர் கூட்டம், பாம்புக்குழி, மொட்டைத்தலை குரு, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக உயிரை விடும் நல்ல நேட்டிவ். அந்தக் காலத்திலேயே இங்கே எதிர்ப்பு கிளம்பியது. அப்படியே 45 வருடம் தள்ளி வாருங்கள், 1984-ல் ஜோன்ஸின் இரண்டாம் படம், 'டெம்பிள் ஆஃப் டூம்'. அதே தக்கர், அதே காளி, அதே பாலம். கூடவே குரங்கு மூளை விருந்து. இதைப் பார்க்கும் அமெரிக்கப் பிள்ளைகள் நாம் இரவில் என்ன சாப்பிடுகிறோம் என்று நினைத்திருக்கும்! படப்பிடிப்புக்கு இந்திய அரசு கதையில் மாற்றங்கள் கேட்டது, ஒத்துவரவில்லை. படக்குழு இலங்கைக்குப் போய்க் கண்டியில் எடுத்தது. அந்தப் பாலம் அங்கே நிஜமாகவே கட்டியது. பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பொறியாளர்கள் உதவினார்கள். அறுபட்டு விழும்போது கை கால் உதறுவது பொம்மைகள். படம் வந்தபோது இங்கே கொஞ்ச காலம் தடையும் இருந்தது.

எனக்கு அதில் நிற்பது அம்ரிஷ் பூரி. வில்லன் மோலா ராம் வேடத்துக்காக மொட்டை அடித்தவருக்கு அந்தத் தலையே பிற்பாடு அடையாளமாகிவிட்டது. 'தளபதி' பார்த்தவர்களுக்கு அவரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படத்தின் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் திரையில் நிற்கும்போது கண்ணை எடுக்க முடிவதில்லை. இந்த இரண்டு படங்களையும் ஏன் வைத்திருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் உரிமையோடு சொன்னார். யோசித்துப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று இன்னொன்றைப் பார்த்து எழுதியது என்பது இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். உறைக்குள் இதைச் சொல்லும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

இனி நடைமுறை விஷயம். தொடர்படங்களுக்கு மட்டும் வாடகைக் காலத்தை மூன்று நாளிலிருந்து பதினான்காக ஆக்கியிருக்கிறோம், கட்டணம் பழையதுதான். காரணம் மேலே சொன்னதுதான்: ஒரே நாளில் 12 அத்தியாயத்தையும் போட்டால் மூன்றரை மணி நேரம் ஓடும், அதில் நல்ல பங்கு மறுபடி மறுபடி அதே மலை, அதே வண்டி. அலுத்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு ஒன்று வைத்துப் பாருங்கள், டிவியை அணைத்துவிட்டு அவன் எப்படித் தப்பிப்பான் என்று வீட்டில் வாதம் நடக்கட்டும். யாராவது ஒருவர் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்ணிப் பார்த்து முடிவைச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் அது நான்.

இன்னொன்று. ஸோரோ தொடரின் முதல் சரக்கில், ஏழாவது அத்தியாயமே இல்லாத ஐந்து பிரதிகள் மொத்த வியாபாரியிடமிருந்து வந்துவிட்டன. ஆறுக்கு அடுத்து எட்டு ஓடும். இது நிஜமான கோளாறு. விலைக்கு வாங்கியவர்கள் பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிஸ்க்கைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். ஐந்தில் மூன்று திரும்பிவிட்டது. மற்ற இரண்டு யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் ஏழாவது வாரம் தியேட்டருக்குப் போகாத பையன் மாதிரி முழித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் டிஸ்க் கடைக்காரர்

பி.கு.: அந்தத் தொப்பி கிடைக்குமா என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். கிடைக்காது. போஸ்டர் இருக்கிறது, அதிலும் ஹெஸ்டன் போஸ்டர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.