செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நுவரெலியாவைச் சூழவுள்ள தோட்டங்களின் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் எமது சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை இத்தால் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு 4 தடவைகள் கூடியது. ஹக்கலைப் பூங்காவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் ஒவ்வொரு பயணம் சென்றோம். மாணவர் சித்திரப் போட்டி மழையால் ஒரு வாரம் பிந்தி நடைபெற்றது.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை ஞாயிறு தோறும் நடந்த பறவைக் கூட்டக் கணக்கெடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. நகரின் விக்டோரியா பூங்காவுக்கு வரும் அரிய பறவையான காஷ்மீர் ஈப்பிடிப்பானை விட்டுவிட்டு, வேலியோரத்து வெள்ளைக்கண்ணி என்னும் சிறு பறவையை எண்ணுவதால் என்ன பயன் என்று ஒரு சங்கக் கூட்டத்தில் கேட்கப்பட்டது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் இங்கு பெரும்பாலும் தனித்தே இரை தேடும். இலங்கைக்கே உரிய எமது மலை வெள்ளைக்கண்ணியோ, குஞ்சு வளர்க்கும் காலம் முடிந்ததும் கூட்டமாகச் சேர்ந்து, பட்டாணிக்குருவியையும் இமயத்திலிருந்து வரும் கதிர்குருவியையும் தன்னுடன் அழைத்துச் செல்கிறது.

ஜனவரியில் ஒரு காலை, தேயிலைக் கொழுந்தெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது. கிரவில்லியா நிழல்மர உச்சியில் வெயில் படும்வரை ஒரு குரலும் இல்லை. பின்னர் வெள்ளைக்கண்ணிகள் இலைகளைக் கிளறி இறங்க, அவை கலைத்த பூச்சியைச் சாம்பல் தலை ஈப்பிடிப்பான் அந்தரத்திலேயே பிடித்தது. வல்லூறு ஒன்று கடந்தபோது ஏதோ ஒரு பறவை எச்சரித்தது. மறுகணமே கூட்டம் முழுவதும் புதருக்குள் அடங்கிவிட்டது. குளிரில் நாள் முழுதும் தின்றாக வேண்டிய இச்சிறு உயிர்களுக்கு, தான் இரை தேடும்போது வானத்தைப் பார்க்க வேறு கண்கள் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பதை அன்று நேரில் கண்டேன்.

தேயிலைக்கு நடுவே ஓடையோரம் எஞ்சியுள்ள காட்டுத் துண்டே இவற்றின் வழி. டிசம்பரில் அதன் ஒரு பகுதியில் அடிப்புதர் வெட்டப்பட்டது. அதன்பின் நான் கண்ட கூட்டங்கள் அவ்விடம் வரை வந்து திரும்பின. இதைத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத நம்பகமான எண்ணிக்கை வேண்டும். பறவைகள் ஒற்றையடிப் பாதையை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது ஒருவர் எண்ண, மற்றவர் எழுத வேண்டும். முறைப்பட்டியலில் 14 பேர் கையொப்பமிட்டிருந்தும் பெரும்பாலான ஞாயிறுகளில் நான் தனியே நின்றேன். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் மட்டும் இரு தடவைகள் வந்தார். எழுதக் குனிந்த நேரத்தில் எத்தனை கடந்தன என்று அறியாத நாட்களை, ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

வரவு செலவு விபரம் பொருளாளரிடம் உள்ளது, கையிருப்பு சிறிதே. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா செலுத்தவில்லை, சிலர் இரண்டு ஆண்டுகளாக. பூஞ்சணம் பிடித்த சங்கத்துத் தொலைநோக்கியை என் கைப்பணத்தில் சுத்தம் செய்வித்தேன். அதைத் திரும்பக் கோரவில்லை.

மண்டபம் தந்த கோயில் பரிபாலன சபைக்கும், தேநீர் வழங்கிய மாதர் சங்கத்துக்கும் நன்றி.

இப்பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்வுடன் ஒப்படைப்பேன். யார் செயலாளரானாலும், வரும் நவம்பரின் முதலாவது ஞாயிறு காலை 6.15க்கு ஓடைப் பாலத்தில் குறிப்பேட்டுடன் நிற்பேன். எழுதுவதற்கு ஒருவர் வந்தால் போதும்.