ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஒரு நூல்

ஹனோவர்,
22.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு, ஆறுமுகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் இங்கு நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, அண்ணன், மயினி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்கப் பாவநாசநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

பொங்கல் கழிந்து நீங்கள் போட்ட கடிதம் இருபத்திரண்டு நாள் வழியில் கிடந்து, இந்தச் செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்தது. போனில் பேசினால் உடம்பையும் பணத்தையும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய், நாலு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்டிருந்தீர்கள். கேட்டது நியாயம். புரட்டாசிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான காரணமும் என்னிடம் இல்லை. கார்த்திகையில் வேலை மாறியதைச் சொல்ல விட்டுப்போயிற்று. இப்போது ஒரு பெரிய கிட்டங்கியில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். சில நாள் இரவு வேலை உண்டு, கடினம் ஒன்றும் இல்லை. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வந்திருப்பது அந்த மாற்றத்தால்தான். சித்திரைக்குள் சரிக்கட்டிவிடுவேன். அண்ணன் அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம்.

குளிரைப் பற்றி அம்மா தவறாமல் கேட்கிறாள். போன வாரம் பூச்சியத்துக்கும் கீழே வெகுதூரம் இறங்கிவிட்டது. மார்கழியில் விடியற்காலம் ஆற்றில் முங்கி எழுந்ததும் பல் கிட்டுமே, அது பகல் முழுவதும் தொடர்ந்தால் எப்படியோ அப்படி இருக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள். வீட்டில் ஹீட்டர் இருக்கிறது. எனக்கு அந்த அனல் ஒத்துக்கொள்ளாததால் அதிகம் வைப்பதில்லை. மாலை நேரங்களில் கீழ்வீட்டுப் பெரியவரின் வீட்டுக்குப் போய்விடுகிறேன், அங்கே நன்றாகவே எரியும். படிக்கட்டில் என் செருப்புச் சத்தம் கேட்கிறதென்று கதவில் சீட்டு எழுதி ஒட்டினார் என்று அம்மாவிடம் சொன்னேனே, அவரேதான்.

எழுபத்தைந்து வயதில் தனியாக இருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பே மூட்டமாட்டார். மூட்டுகிற வழக்கமே இந்த ஊரில் பலருக்கு இல்லை. கறுப்பு ரொட்டியைச் செங்கல் கனத்துக்கு அறுத்து, பாலாடைக்கட்டியும் ஊறவைத்த வெள்ளரிக்காயும் வைத்துப் பச்சைத் தண்ணீரைப்போலச் சில்லென்று சாப்பிடுகிறார்கள். ஒருநாள் நான் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து கொண்டுபோனேன். துவையலை விரலில் தொட்டு வெகுநேரம் யோசித்தார், பிறகு அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார். ஆச்சி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுத உட்கார்ந்தது அவருடைய டாங்கியைப் பற்றி. தை மாதம் முழுவதும் என் மாலை நேரம் அதிலேதான் போயிற்று. ஜப்பானில் தமியா என்றொரு நிறுவனம் 1970களின் நடுவில், ரேடியோவால் ஓட்டுகிற தன் ஆரம்பகாலப் பொம்மைகளில் ஒன்றாக லெப்பர்ட் என்ற ஜெர்மன் டாங்கியின் மாதிரியை வெளியிட்டது. உருவத்தில் நிஜ வண்டியின் பதினாறில் ஒரு பங்கு. நிஜம் சுமார் 42 டன். இது நம் வீட்டுப் பூனையைத் தூக்குவதுபோல இரண்டு கையில் தூக்கும் கனம். பெரியவர் வாலிபத்தில் 18 மாதம் கட்டாயப் பட்டாளத்தில் லெப்பர்ட் ஓட்டியவர் என்பதால், பொம்மை வந்த புதிதிலேயே தமக்கென்று வாங்கிவிட்டு, மகனுக்கு வாங்கியதாக வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த மகன் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். டாங்கி முப்பது வருடத்துக்கும் மேலாக நிலவறையில் ஓர் ஆப்பிள் பெட்டிக்குள் கிடந்தது. நான் பொம்மைக்காரர் மகன் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதை நினைவில் வைத்திருந்து, மார்கழிக் கடைசியில் பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

திறந்து பார்த்தால் பரிதாபம். பேட்டரி ஒழுகி, அது இருந்த குழி முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. அந்தக் கசிவு காரம் என்பதால் காடியைப் பஞ்சில் தோய்த்துத் தடவத் தடவ நுரைத்துக்கொண்டு விட்டது. செம்புத் தகடு இரண்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பல்சக்கரத்தில் வைத்த கிரீஸ் காய்ந்து கருப்பட்டிப் பாகுபோல் இறுகியிருந்தது. ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய ரகம்; கைப்பெட்டியில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக இரண்டு கிரிஸ்டல்கள் ஜோடி சேர்ந்தால்தான் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்கும். அந்த ஜோடி பிரியாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கத்துச் சங்கிலியை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் அது திரும்பும். முதல் நாள் மின்சாரம் கொடுத்தபோது இடது பக்கம் இறுகியே இருந்ததால், செக்கு மாடுபோல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அலமாரிக்கு அடியில் போய் முட்டியது. பெரியவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வர்ணம்தான் எங்களை மூன்று வாரம் படுத்தியெடுத்தது. 1980களின் நடுவில் ஜெர்மன் பட்டாளம் பச்சை, பழுப்பு, கறுப்பு என்று மூன்று நிறத் திட்டுகளுக்கு மாறியதும், பள்ளிக்கூடத்தில் படித்த மகன் அதைப் பார்த்துத் தூரிகையால் கனமாகப் பூசிவைத்திருந்தான். அதை எடுக்க, நம் பட்டறை வழக்கப்படி தின்னரை எடுத்தேன். நல்ல வேளையாக, உள்ளே மறையும் ஒரு மூடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் இளகி, சூட்டில் வைத்த வெல்லம்போலக் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மரத்தை நம்புவதுபோல இதை நம்ப முடியாது. பிறகு மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி ஒரு தொட்டியில் இரவு முழுக்க ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். சோப்பு நீரில் கழுவி, விரல் எண்ணெய் படாமல் காயவைத்துச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தேன். குளிரில் ஸ்பிரே டப்பா சரியாகச் சீறாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நிறுத்திவைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெலிதாக மூன்று முறை ஓட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் அடித்த பின்பக்கம் கோழித்தோல்போலப் புடைத்துக்கொண்டது. அதை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி அடித்தேன்.

மேல் நிறத்தைப் பற்றிப் பெரியவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஓட்டிய காலத்து வண்டி ஒரே நிறம், கெல்ப்ஒலீவ், அதாவது மஞ்சள் ஆலிவ் என்பார்கள், நிற அட்டவணையில் 6014. பெயரில் மஞ்சள் இருக்கிறதே தவிரப் பார்வைக்கு அது பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை; பழுக்கக் காய்ந்த வேப்பிலையை நசுக்கினால் வருவதுபோல ஒரு நிறம். பட்டாளத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த ஒரு தகரப் பெட்டியின் மூடியைத் திருப்பி, வெயில் படாத உள்பக்கத்தைக் காட்டி, இதுதான் என்றார். அட்டவணை எண் போட்ட டப்பாவைக் கடையில் வாங்கினால் வேலை தீர்ந்தது என்றேன். கடை நிறம் பெரிய வண்டிக்குச் சரி, முழங்கை நீள வண்டியில் அது இருட்டாகத் தெரியும் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். அதனால் கலக்க உட்கார்ந்தேன். முதல் கலவையில் பச்சை முறைத்துக்கொண்டு நின்றது. கறுப்பைச் சேர்த்தேன், பாசி பிடித்த தொட்டிபோல் ஆயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாம் நாள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கையில், கிளி பொம்மைக்கு அரக்கு காய்ச்சும்போது நீங்கள் என் மண்டையில் குட்டிச் சொன்னது நினைவுக்கு வந்தது: பச்சை முறைத்தால் கறுப்பால் அடிக்காதே, சிவப்பால் அமர்த்து. காவி மஞ்சள் கொஞ்சம், சிவப்பு ஊசிமுனையில் இரண்டு சொட்டு. உலர்ந்தபின் ஜன்னல் வெளிச்சத்தில் தகர மூடிமேல் வைத்துப் பார்த்தால், எது மூடி, எது பூச்சு என்று விளிம்பைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கே படித்தாய் என்று பெரியவர் கேட்டார். அம்பாசமுத்திரத்தில் என்றேன். அது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்.

இந்த வேலையில் பிரியம் உள்ளவர்கள் வர்ணம் முடிந்ததும் சேறு, துரு, கீறல் எல்லாம் தீட்டி வண்டியைப் பழையதாக்குவார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வண்டியைக் கழுவித் துடைக்காமல் எங்களை யாரும் வீட்டுக்கு விட்டதில்லை, அழுக்குப் பூசினால் பெட்டியிலேயே போட்டுவிடுவேன் என்று பெரியவர் தடுத்துவிட்டார். யோசித்தால் அவர் கட்சிதான் சரி. ஓட்டினால் அழுக்கு தானே வரப்போகிறது.

ஒருநாள் உப்புத்தாள் தேடி அவருடைய அலமாரியைத் திறந்தபோது, மேசைக்கு மெருகு போட வைத்திருந்த ஒரு குப்பி கையில் பட்டது. மூடியைத் திருகினேன். ஷெல்லாக் என்று எழுதியிருந்தது. ஸ்பிரிட்டில் கரைத்த நம் அரக்குதான் அது. கடைசலில் ஓடும் மரத்தில் நீங்கள் அரக்குக் குச்சியை அழுத்தியதும் சூட்டில் கசிந்து ஒரு வாடை கிளம்புமே, பிறகு தாழை ஓலையை வைத்து நீங்கள் இழுக்க, மஞ்சள் அப்படியே கண்ணாடியாக மாறுமே. குப்பியை மூடிவிட்டு, மாடியில் துணி காயப்போட்டிருக்கிறேன் என்று பொய் சொல்லி, படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பனி காலத்தில் மாடியில் யார் துணி காயப்போடுவார்கள்? பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். கடைசல் மிஷினை வீரவநல்லூர்க்காரருக்குப் பேசி முடித்துவிடலாம் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கோமதியின் பிரசவச் செலவும், சாஸ்தா கோவில் வரியும், ஆச்சியின் கண் ஆப்பரேஷனும் ஒன்றாக வந்து நிற்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சும்மா கிடக்கிற இரும்பு என்று அண்ணன் சொல்வதிலும் தப்பில்லை. அவனும் எத்தனை பக்கம்தான் பார்ப்பான். ஆனாலும் ஆனி வரையில் பொறுக்கச் சொல்லுங்கள். கோமதிக்கு நான் தனியாக அனுப்புகிறேன், எப்படி என்று அத்தான் கேட்டால், இங்கே ஒரு சீட்டு விழுகிறது என்று சொல்லிவிடுங்கள். பங்குனி உத்திரத்துக்கு இந்த வருடமும் வர இயலாது. சாஸ்தாவுக்குப் பொங்கலிடும்போது என் பெயருக்கும் ஒரு தேங்காய் உடையுங்கள்.

மிஷினைப் பொறுக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. லெப்பர்ட்டுக்குப் பக்கத்துக்கு ஏழு சக்கரம், ஒவ்வொன்றும் உள்ளும் வெளியுமாக இரட்டை. வலப்பக்கத்தில் மூன்றாவது சக்கரம் ஜோடியோடு காணாமல் போய்விட்டது. ஒற்றைச் சக்கரமாக யாரும் விற்பதில்லை, முழுத் தொகுதியாக வாங்கச் சொல்கிறார்கள். என் அப்பா கடைந்து தருவார் என்று பெரியவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கை நடுங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். உளி பிடித்தால் நடுங்காது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மஞ்சக் கடம்பில் ஒரு துண்டு மீதம் இருந்தால் போதும். விட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் (நம் பட்டறைக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று), கனம் இரண்டரை நூல், நடுத்துளை ஒன்றேகால் நூல், இரண்டு சக்கரம். வெளிச் சக்கரத்துக்கு அரக்கு வேண்டாம், இங்கே நான் வர்ணம் அடித்துக்கொள்வேன். உள் சக்கரத்துக்கு மட்டும் சிவப்பு ஏற்றிவிடுங்கள். மாட்டியபின் அது வெளியே தெரியாது. பெரியவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார்.

நாளை இந்த நாட்டில் தேர்தல். மைக் செட்டோ ஊர்வலமோ ஒன்றும் இல்லை. நான்கு தட்டியைக் கம்பத்தில் கட்டியதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தார் கோபிப்பார்கள் என்பதால், மீதி வேலை திங்கட்கிழமைதான்.

சக்கரத்தைப் பஞ்சில் சுற்றிப் பாளையங்கோட்டைத் தபால் நிலையத்தில் பதிவு செய்து அனுப்புங்கள், பணத்தை அண்ணனிடம் வாங்க வேண்டாம். மிஷினில் பெல்ட் இருக்காது. போன தடவை வந்தபோது எலி கடிக்கக் கூடாதென்று நான்தான் கழற்றி, மச்சில் பழைய அரிசிப் பானைக்குப் பின்னால், துணியில் சுற்றி வைத்தேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்,
ஆறுமுகம்