குடிநீர்க் குழாய் இருக்கும் இடத்தை உறுதிசெய்யாமல் பாதாள சாக்கடைப் பள்ளம் தோண்டுவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
கீழத்தெரு குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பாதாள சாக்கடைத் திட்ட வடிவமைப்பு வரைபடத்தையும் நகராட்சியின் ஜிஐஎஸ் (கணினிவழிப் புவித்தகவல்) வரைபடத்தையும் முறையாகப் பொருத்திய பின்னரே பணியைத் தொடரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சங்கத்தின் முந்தைய மனுக்கள் மற்றும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாய்க்கால் பாலத்திலிருந்து பழைய மேல்நிலைத் தொட்டி வரை உள்ள எங்கள் சந்துகளைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற மழைக்காலத்தில் நேரில் நடந்து பார்த்தவர் தாங்கள். அங்கு நடைபெறும் பாதாள சாக்கடைப் பணிக்கு நாங்கள் எதிரானவர்கள் அல்ல. அப்பணியால் எங்கள் குடிநீர்க் குழாய் திரும்பத் திரும்ப உடைவதற்கான காரணத்தை முன்னரே எழுத்து மூலம் தெரிவித்தும் பதில் வராததால், மீண்டும் தங்கள் பார்வைக்குக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. ஒப்பந்ததாரரிடம் உள்ளது சிவில் 3டி மென்பொருளில் தயாரித்த வடிவமைப்பு வரைபடம். குடிநீர்க் குழாய்களின் பதிவு நகராட்சியின் ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் உள்ளது. அதிலிருந்து எடுத்த குழாய்க் கோடுகளை வடிவமைப்பு வரைபடத்தின்மேல் கண்ணளவில் நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

2. வரைபடத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பிழையின் காரணத்தையும் குறிப்பிடக் கடமைப்பட்டுள்ளேன். ஜிஐஎஸ் வரைபடம் யூடிஎம் முறையில் உள்ளது; உருண்டையான பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையான தாளில் காட்டும் முறை அது. நம் ஊர் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி, அதன் 43ஆம் மண்டலத்தின் கிழக்கு விளிம்பில் அமைந்துள்ளது. அம்மண்டலத்தின் மையக் கோடு 75 டிகிரியில் இருப்பதால், இவ்வளவு தள்ளி வந்த இடத்தில் ஜிஐஎஸ் வரைபடம் காட்டும் தூரம், தரையில் டேப் பிடித்து அளக்கும் தூரத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். வடிவமைப்புக்கான சர்வே, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி கொண்டு தரைத் தூரத்தில் எடுக்கப்பட்டது. ஆகவே இரண்டு வரைபடங்களும் பேருந்து நிலையத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. வாய்க்கால் பாலத்தில் ஒரு மீட்டருக்கு மேல் விலகுகின்றன. பேருந்து நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் கிழக்கே உள்ள எங்கள் தெருவில் இரண்டேமுக்கால் மீட்டர் அளவுக்கு விலகிப்போகின்றன. எங்கள் சந்தின் மொத்த அகலமே பத்தடிதான், ஐயா. மேற்புறச் சாக்கடையோரம் ஓடும் குழாய், ஒப்பந்ததாரரின் தாளில் கிழக்குப்புற வீடுகளின் திண்ணைக்கு அடியில் ஓடுகிறது.

3. அந்தத் தாளை நம்பித்தான் ஜேசிபி ஓட்டுநர் மேற்புறம் காலியென்று வாளியை இறக்குகிறார். பழைய ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) குழாய் என்பதால் வாளியின் பல் பட்டாலே விரிசல் விட்டுவிடுகிறது. குழாய்ப் பணியாளர் வந்து டயர் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டுகிறார். வால்வைத் திறந்ததும் அது பிதுங்குகிறது. பள்ளத்தில் தேங்கிய சாக்கடை நீர் அந்த விரிசல் வழியே குழாய்க்குள் புகுந்து, அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் பத்துக் குடம் கறுத்து நாற்றமெடுத்து வருகிறது. அதைக் கொட்டி முடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது. பிறகு லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். லாரி சந்துக்குள் வராது. தெருமுனையிலிருந்து குடத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். தோண்டிய மண்மேட்டின்மீது குடத்துடன் ஏறி இறங்கும் அவர்களுக்கு மண்டலம் 43 என்றால் என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்க வேண்டிய நிலைக்கு எங்களைத் தள்ளியிருக்கிறீர்கள்.

4. ஷேப் ஃபைல் என்ற ஜிஐஎஸ் கோப்பு வடிவுக்கு மாற்றிய தகவல்களும் சிதைந்துள்ளன. வரைபடத்தில் கோட்டின் பக்கத்தில் எழுத்தாக இருந்த குழாயின் விட்டமும் வகையும் கோட்டோடு சேராமல் விடுபட்டுவிட்டன. தகவல் அட்டவணையில் பத்து எழுத்துக்கு மேற்பட்ட தலைப்புகள் வெட்டுப்பட்டன. தமிழில் இருந்த தெருப்பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கின்றன. எங்கள் தெருவே கேள்விக்குறியாகிவிட்ட கோப்பை வைத்துக்கொண்டு, “வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்று தளத்தில் பதில் சொல்கிறார்கள்.

5. தோண்டுவதற்கு முன் குழாய், கேபிள் உரிமையாளர்களுக்குத் தகவல் தர ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைத் தொடங்கியுள்ளது. தகவல் கொடுத்தாலும், தன் குழாய் எந்தப் பக்கம் என்று நகராட்சிக்கே சரியாகத் தெரியாதபோது என்ன பதில் வரும்? பெரிய நகரங்களின் நிலத்தடிக் கட்டமைப்பை வரைபடமாக்க 2022ஆம் ஆண்டின் தேசிய புவிசார் கொள்கை 2035ஐ இலக்காக வைத்துள்ளது. நாங்கள் கேட்பது ஒரு தெருவுக்கு, ஐயா.

6. முந்தைய மனுக்களில் ஒன்று “உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது” என்ற குறுஞ்செய்தியோடு முடித்து வைக்கப்பட்டது. மற்றவை கிணற்றில் போட்ட கல். எங்கள் மனுவில் தவறு இருந்தால் அதையாவது எழுதித் தெரிவித்திருக்கலாம்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பேருந்து நிலையம் முதல் மேல்நிலைத் தொட்டி வரை நான்கைந்து நிலைப்புள்ளிகளைச் செயற்கைக்கோள் கருவியாலும் டோட்டல் ஸ்டேஷனாலும் அளந்து, வரைபடத் தூரத்துக்கும் தரைத் தூரத்துக்கும் கிடைக்கும் விகிதத்தை வடிவமைப்புக் கோப்பில் பதிந்தால் போதும். சிவில் 3டியிலேயே அதற்கான வசதி உள்ளது. தரவைப் பரிமாறும்போது இடங்களைக் குறிக்கும் ஆயத்தொலை முறை எது என்பதைக் கோப்பிலேயே குறிப்பிடவும், தமிழ்ப் பெயர்களும் நீண்ட தலைப்புகளும் சிதையாத ஜியோபேக்கேஜ் போன்ற வடிவில் வழங்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். பதித்த குழாயும் மேன்ஹோலும் உண்மையில் எங்கே உள்ளன என்ற அளவீட்டை மீண்டும் ஜிஐஎஸ்ஸில் ஏற்றிய பிறகே ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியலுக்குப் பணம் வழங்க வேண்டும். இல்லையேல் அடுத்து கேபிள் பதிக்க வருபவர் புதிய சாக்கடைக் குழாயையும் உடைப்பார்.

அதுவரை எங்கள் சந்தில் ஜேசிபியை இறக்க வேண்டாம். ஆட்களைக் கொண்டு குறுக்கே சோதனைக் குழி வெட்டி, குழாயைக் கண்ணால் பார்த்த பிறகு பள்ளம் தோண்டச் சொல்லுங்கள். தங்களை மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்: அந்த இரண்டு வரைபடங்களையும் ஒரே மேசையில் விரித்து, எங்கள் தெருவை ஒரு முறை பாருங்கள். நாளும் நேரமும் தெரிவித்தால், அளவீடுகளுடன் நேரில் வரச் சித்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் கீழத்தெரு குடியிருப்போர்

இணைப்பு: இரு வரைபடங்களின் ஒப்பீட்டு நகல், உடைப்பு இடங்களின் புகைப்படங்கள், குடியிருப்போர் கையொப்பங்கள்.