உமிச் சாம்பலை ஒரே வரியில் கடக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர்க் கழிவுகளைக் கொண்டு சிமெண்டின் தேவையைக் குறைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உமிச் சாம்பலை அது ஒரே வரியில் கடந்துவிட்டது, டெல்டாவில் 30 ஆண்டுகள் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்த எனக்குக் குறையாகப் பட்டது.

ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமியும், அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். எங்கள் பகுதிப் புழுங்கலரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். மிஞ்சும் சாம்பல் ஆலைக்குப் பின்புறம் குவிந்து கிடந்து, காற்றடிக்கும் மாதங்களில் அக்கம்பக்கத்தார் காயப்போட்ட துணிகளில் கரியாகப் படிகிறது. நன்கு எரிந்த உமிச் சாம்பலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிலிக்காதான். சிமெண்டில் தண்ணீர் சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் அது கூடி இறுகுவதால், பத்துப் பதினைந்து விழுக்காடு சிமெண்டைக் குறைத்தாலும் கான்கிரீட்டின் வலிமை குறைவதில்லை. செங்கல் தூளைச் சுண்ணாம்புடன் கலந்த சுர்க்கிக் கலவையால் 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்ததும் இதே வேதியியலை நம்பித்தான்.

ஆனால் ஆலைக் குழியில் கிடக்கும் எல்லாச் சாம்பலும் இதற்கு உதவாது. உமி எரியும் வெப்பம் 700 டிகிரி செல்சியஸுக்கு வெகுவாக மேலே போனால் சிலிக்கா படிகமாகி வினைபுரியும் தன்மையை இழந்துவிடும். காற்று போதாமல் எரிந்தால் கரி தங்கிவிடும். ஒருமுறை சுற்றுச்சுவர் வேலைக்கு அப்படிப்பட்ட கறுப்புச் சாம்பலை அள்ளிவந்து, அரைக்காமல், சோதிக்காமல் கலக்கச் சொன்னேன். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கலவை குடித்துக்கொண்டே இருந்தது. கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டார். தவறு என்னுடையது, சாம்பலுடையது அன்று.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் உமிச் சாம்பலைச் சேர்க்கலாம் என்று 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சொல்லிவிட்டது. சோதனைச் சான்று கையில் இல்லாதபோது எந்தப் பொறியாளர் தம் பொறுப்பில் அந்தக் கையெழுத்தைப் போடுவார்? (நானும் போட்டதில்லை.) அனல்மின் நிலையச் சாம்பலும் ஒரு காலத்தில் குளங்களில் கொட்டிக் கிடந்ததுதான், அந்நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்போர் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு 1999-இல் அறிவிக்கை வெளியிட்ட பிறகே அதற்கு மதிப்பு வந்தது.

டெல்டாவின் அரசுப் பாலிடெக்னிக் கல்லூரிகளில் உமிச் சாம்பலின் கரி அளவையும் நுண்மையையும் சோதித்துச் சான்று வழங்க ஏற்பாடு செய்து, பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் அதற்கென ஒரு வரி சேர்த்தால், ஆலைக்காரர்களே உலையைச் சீர்திருத்த முன்வருவார்கள். தூணுக்கும் உத்தரத்துக்கும் அவசரப்பட வேண்டியதில்லை. ஹாலோ பிளாக்கிலும் நடைபாதைக் கல்லிலும் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
மன்னார்குடி.