பாட்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நன்றி

வணக்கம்.

எல்எல்விஎம் கம்பைலருக்கு (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) அவ்வப்போது பேட்ச், அதாவது கோடில் சிறு மாற்றங்கள், அனுப்புகிறேன். அது உள்ளே போன பிறகு, வந்த மாற்றங்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் பாட்களை வைத்து நடக்கும் வேலை முழுக்க உங்களுடையது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில், கணினி கொடுத்தவர்கள். பில்ட்பாட் என்ற மென்பொருள் நடுவில் இருந்து வேலையைப் பங்கிடுகிறது, அவ்வளவுதான். கம்பைல் செய்வதும் டெஸ்ட் ஓட்டுவதும் நிறுவனங்களும் தனியாட்களும் தங்கள் செலவில் வைத்திருக்கும் கணினிகள். என்னிடம் இருப்பது சாதாரண எக்ஸ்86 ரகக் கணினி ஒன்று. ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் ரகப் பெருங்கணினிக்கு நான் எங்கே போவேன்? அது பைட்டுகளை எதிர் வரிசையில் வைக்கும் இயந்திரம். பைட் வரிசையை நம்பி எழுதிய கோடு என்னிடம் பச்சை (டெஸ்ட் தேறும்), அங்கே போனால் சிவப்பு (டெஸ்ட் விழும்).

அப்புறம், ரிவர்ஸ் இடரேஷன் பாட்டை அமைத்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. வரிசைக்கு உத்தரவாதம் இல்லாத ஹேஷ் மேப்களை (சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடும் அட்டவணைகளை) அது வேண்டுமென்றே தலைகீழாகச் சுற்றி வருகிறது. யாராவது அந்த வரிசையை நம்பியிருந்தால் அவுட்புட் மாறி டெஸ்ட் விழும். இந்தக் குறும்பு இல்லையென்றால், ஒரே நிரலுக்கு இன்று ஒரு பைனரி, நாளை வேறொன்று என்று கம்பைலர் கொடுக்கக்கூடும். அந்த மாதிரிப் பிழையைப் பின்னால் தேடுவது கொடுமை.

டெஸ்ட் எழுதியவர்களையும் விட முடியாது. கம்பைலரைக் கவிழ்த்த பெரிய நிரலைச் சில வரிகளுக்குச் சுருக்கி, கமென்டாக ஒரு ரன் வரியும் சில செக் வரிகளும் சேர்க்கிறீர்கள். ரன் வரியில் உள்ள கட்டளையை லிட் என்ற கருவி ஓட்டுகிறது. செக் வரிகளில் உள்ளது அவுட்புட்டில் அதே வரிசையில் வருகிறதா என்று ஃபைல்செக் என்ற கருவி பார்க்கிறது. சுருக்குகிற வேலையின் சிரமம் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

புதிதாகக் கட்டிய கிளாங்கை (எல்எல்விஎம்மின் சி, சி++ கம்பைலரை) வைத்தே மறுபடி கிளாங்கைக் கட்டிச் சோதிக்கும் இரண்டு கட்ட பாட்காரர்களின் பொறுமைக்கும் நன்றி.

கடைசியாக, சிவப்பைப் பார்த்ததும் லாகை (பாட் ஓடியதன் பதிவை) திறப்பவர்கள். பாட் உடைந்தால் அந்தச் சுற்றில் கமிட் செய்த (மாற்றம் சேர்த்த) எல்லோருக்கும் மெயில் போகும். பலருக்கு அதில் சம்பந்தமே இருக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, டிஸ்க் நிறைந்ததா, டெஸ்ட் உண்மையிலேயே விழுந்ததா என்று பிரித்து, சரியான கமிட்டைப் பிடித்து ரிவர்ட் செய்கிறார், அதாவது அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுகிறார். அதற்குச் சிலர் முகம் சுளிப்பது எனக்குப் புரியவில்லை. ரிவர்ட் ஆன பேட்ச் திருத்தத்தோடு திரும்பி வரலாம். சிவப்பாகவே கிடக்கும் பாட்டில் அடுத்த பிழை கண்ணில் படாது.

ஆகவே என் பேட்ச் உங்கள் பாட்டை உடைத்தால் கேட்காமலே ரிவர்ட் செய்யுங்கள். லாக் இணைப்பு மட்டும் அனுப்பினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பேட்ச் அனுப்புகிறவர்களில் ஒருவர்