விலாசப் பக்கம் காலியாக இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன், முதலில் அமெரிக்க விசா விஷயம்.

டிஎஸ்-160 படிவத்தை நானே நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். ஏஜென்டும் வேண்டாம், மாப்பிள்ளையும் லீவு போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக இதே வேலை. இருபது நிமிஷம் கை வைக்காமல் இருந்தால் வெளியே தள்ளிவிடுகிறது. முதல் நாள் காபி குடித்துவிட்டு, வாசலில் வந்த கீரைக்காரியிடம் பேசிவிட்டு வந்து பார்த்தால் அவ்வளவும் போயிற்று. இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் சேவ் பண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

பெயரிலேயே முதல் தகராறு. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்படி இருந்தால் நம் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று எழுத வேண்டுமாம். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். முப்பத்தாறு வருஷம் சொசைட்டிப் பேரேட்டில் கையெழுத்துப் போட்டவனுக்குப் பெயர் தெரியவில்லை! தாத்தா பிறந்த தேதியும் கேட்டது. அதற்குத் தெரியாது என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, நல்லவேளை. தீவிரவாத அமைப்பில் இருக்கிறீர்களா, ஆள் கடத்தியதுண்டா என்று கடைசியில் பக்கம் பக்கமாக வருகிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பக்கத்து வீட்டு முருங்கைக்காய் பறித்ததைக் கேட்கலையா?” என்றாள்.

அவளுக்குத் தனிப் படிவம். உன் பட்டமளிப்புக்கு 2012-ல் வந்தபோது வாங்கிய விசா 2022-லேயே முடிந்துவிட்டதால் அவளும் இன்டர்வியூவுக்கு வர வேண்டும். தலைக்கு 185 டாலர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. என் பென்ஷனில் கட்டிக்கொள்கிறேன், நீ அனுப்ப வேண்டாம். போட்டோவும் எடுத்தாயிற்று. இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக்கூடாது. கண்ணாடி இல்லாமல் உன் தாத்தா மாதிரி இருக்கிறேன்.

ஐந்து வருஷமாக என்னென்ன சமூக வலைத்தளத்தில் இருக்கிறோம் என்று கேட்டதால் பேஸ்புக்கைத் திறந்தேன். அப்படியே உன் பக்கத்தையும் பார்த்தேன். முகப்புப் படத்தை மாற்றியிருக்கிறாய். புதுப் படத்தில் தனியாக நிற்கிறாய், மெலிந்தும் தெரிகிறாய். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

அமெரிக்காவில் எங்கே தங்குவீர்கள் என்று ஒரு பக்கம். எடிசன் ஊரில் இருக்கிற வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம். நீ அந்த வீடு வாங்கியபோது நம் தெரு முழுக்க லட்டு கொடுத்தவன் நான். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பது ஜெர்சி சிட்டி விலாசம். அதில் அபார்ட்மென்ட் நம்பர் வேறு இருக்கிறது. ஆபீசுக்குப் பக்கம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி. தொடர்புக்கு உன் நம்பர் ஒன்றுதான் கொடுத்திருக்கிறாய். மருமகள் நம்பரையும் அனுப்பு, இரண்டு இருந்தால் நல்லது. பாப்பா சனி, ஞாயிறு மட்டும் வீடியோவில் வருகிறாள். அவளுக்குப் பின்னால் தெரிகிற சுவர் எனக்குப் பழக்கமில்லாத சுவர். நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்த விலாசம் உண்மையோ அதை எழுது என்றுதான் சொல்கிறேன். இன்டர்வியூவில் மகன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று கேட்டால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு நாலே நாள் வந்துவிட்டு ஓடினாய். அதை இப்போது பேச வேண்டாம்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. இதற்கு முன் உங்களுக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதுண்டா என்று. அதில் ஆமாம் என்று இருப்பதைப் பார்த்து, அப்பா கை தவறி அழுத்திவிட்டார் என்று மாற்றிவிடாதே. ஆமாம்தான்.

2015-ல் பாப்பா பிறக்கப்போகிற சமயம், ஆடிட் இருக்கிறது, லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா? லீவு எப்போதோ கிடைத்திருந்தது. சித்தப்பாவைப் பார்க்கச் சென்னை போகிறேன் என்று போனது விசாவுக்குத்தான். முதல் நாள் கைரேகை கொடுத்துவிட்டு, மறுநாள் விடிகாலையிலேயே ஜெமினி பாலத்துப் பக்கம் அமெரிக்கத் தூதரக வரிசையில் நின்றேன். படிவத்தில் என் சம்பளம் இரண்டு மடங்காக இருந்தது. ஏஜென்ட் எழுதிவிட்டான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் என்னைக் கேட்டுத்தான் எழுதினான். “உங்க பையனுக்கும் கௌரவம் சார்” என்றான், தலையாட்டினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தமிழிலேயே சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். எனக்கு வாயில் நிஜச் சம்பளம்தான் வந்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டோடு ஒரு தாளை நீட்டினாள், 214(பி) என்று போட்டிருந்தது. வருகிறவன் அங்கேயே தங்கிவிட வருகிறான் என்று வைத்துக்கொண்டுதான் அந்தச் சட்டம் தொடங்குகிறதாம். இல்லை என்று காட்ட வேண்டியது நாம். என்னால் என் சம்பளத்தையே காட்ட முடியவில்லை. அந்தப் பெண் மேல் தப்பில்லை.

அப்பாவுக்கு சொசைட்டிதான் பிள்ளை என்று சொல்லிவிட்டு நாலு மாதம் நீ பேசவில்லை. அதுவும் நல்லதுதான், கேள்வி வராது என்று அப்போது நினைத்தேன். பாப்பாவை முதல்முதலாகத் தூக்கியபோது அவளுக்கு இரண்டு வயது, என்னைப் பார்த்து அழுதாள். முந்தாநாள் ராத்திரிதான் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வெந்நீர் வைத்தாள்.

இனி செய்ய வேண்டியது. அப்ளிகேஷன் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். அதைப் போட்டால் என் பெயரின் முதல் ஐந்து எழுத்து, பிறந்த வருஷம், ஒரு ரகசியக் கேள்விக்குப் பதில் கேட்கும். கேள்வி, அம்மாவுடைய அம்மாவின் பெயர் என்ன என்பது. நம் கிணற்றடிக் கல்லில் வெட்டியிருக்கிற பெயர்தான், நடுவில் ‘எச்’ போடாதே. படிவம் முப்பது நாள்தான் அங்கே இருக்கும். விலாசப் பக்கத்தையும் தொடர்புப் பக்கத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். நீயே நிரப்பு. மற்ற பக்கங்களில் கை வைக்காதே. கடைசியில் கையெழுத்துப் பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறது, அதனால் என்ன எழுதினாலும் நான் படித்துவிட்டுத்தான் அழுத்துவேன். உண்மையான விலாசத்தை எழுது.

அம்மா மிளகாய், மல்லியெல்லாம் காயவைத்திருக்கிறாள். வழக்கமாக மூன்று பேருக்குக் கணக்குப் பண்ணித்தான் பொடி திரிப்பாள். இந்தத் தடவை எவ்வளவு என்று எழுது.

அப்பா